மதியிடம் கேட்ட கேள்விகள்

பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று போட்டுக்கொள்கிறவர்களைக் கண்டால் கதிர்காமுவுக்கு ஆகாது. யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சையில் பௌதிகத்துக்கு அதிவிசேட சித்தி எடுத்தும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல், அச்சகமொன்றில் எழுத்துக் கோர்க்கப் போனவர் அவர். ஈய எழுத்தில் தொடங்கிக் கணினிக்கு மாறி, பதினெட்டு வருடம் அந்த வேலை பார்த்தார். பிறகு அபுதாபிப் பாலைவனத்து ருவைஸ். அங்கே சுத்திகரிப்பு ஆலைக்கு ஒப்பந்த வேலை செய்யும் கம்பெனி ஒன்றில், வரைபடங்களுக்கு எண் போட்டு அடுக்கி வைக்கும் உத்தியோகம். மாலை ஐந்து மணிக்கு டியூட்டி முடிந்ததும் ரூமுக்கு வந்து குளிப்பார், தேநீர் போடுவார், பழைய கம்ப்யூட்டரைத் திறந்து சண்டைக்குப் போவார்.

சண்டை நடந்த இடம் ‘கடல்தாண்டி’ என்ற இணையக் களம். வளைகுடாத் தமிழர்கள் எழுதிப் பேசிக்கொள்வதற்காகச் ஓமானின் சலாலாவில் கடை வைத்திருந்த மீராசா என்பவர் அதை நடத்திவந்தார். கதிர்காமுவுக்கு அங்கே ‘முள்’ என்று பெயர். செப்புக் குடத்துத் தண்ணீர் புற்றுநோயைப் போக்கும், பௌர்ணமியன்று மூளை வீங்கும் என்று யாராவது எழுதினால் போதும், ஐந்து நிமிடத்தில் முள் வந்து குத்திவிடும். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சொல்லும் விதத்தில்தான் யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். தன்னைப் பிடிக்காமல் போவதையே தான் சரியென்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்.

இரண்டாயிரத்து ஆறு ஜூன் கடைசியில் அந்தக் களத்துக்கு முனைவர் பாண்டித்துரை வந்து சேர்ந்தார். ஷார்ஜாவில் கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறவர். முதல் பதிவிலேயே, தமிழில் சிந்திக்கும், தான் இருப்பதைத் தானே உணரும் ஒரு நிரலை உருவாக்கிவிட்டதாக அறிவித்தார். அதன் பெயர் மதி. தமிழின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளுக்கும் தனித்தனி அதிர்வு உண்டு, கணினிச் சில்லுக்குள் இருக்கும் சிலிக்கன் படிகம் அதிர்வுகளை மறப்பதில்லை, சரியான வரிசையில் அவற்றை ஏற்றினால் படிகத்துக்குள் ‘நான்’ என்ற உணர்வு பிறக்கும் என்பது அவருடைய கொள்கை. ஒலியணுக் கொள்கை என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். வேறெந்த மொழியிலும் இது நடக்காதாம்.

கதிர்காமு மூன்று கேள்விகள் எழுதினார். அதிர்வை எந்தக் கருவியால் அளந்தீர்கள், அளவு என்ன, வேறு யார் அளந்து பார்த்தார்கள்? பதில் வரவில்லை. நான்காவதாக, எந்தப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் என்று கேட்டார். யாரும் கேள்விப்படாத ஒரு தீவின் பெயரைச் சொன்ன பாண்டித்துரை, கேட்டவரின் கல்வித் தகுதியைத் திருப்பிக் கேட்டார். கதிர்காமு மறைக்கவில்லை. அச்சுக் கோர்த்தவன் என்று எழுதினார்.

‘அச்சுக் கோர்ப்பவர் எழுத்தை அடுக்கலாம். எழுத்தின் உயிரை அறிய வேறு பிறவி எடுத்து வரவேண்டும்’ என்று பாண்டித்துரை எழுதினார். நாற்பத்துமூன்று பேர் அதற்குக் கீழே கைதட்டினார்கள். மேற்கத்திய அடிமை, தமிழ்த் துரோகி, முதலில் பள்ளிக்கூடம் போ என்றெல்லாம் மற்றவர்கள் எழுதினார்கள். கதிர்காமு அந்த நாற்பத்துமூன்று பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

ஜூலை முழுவதும் சண்டை நடந்தது. மீராசாவுக்கு அலுத்துப்போய், மதியையே களத்துக்கு அழைத்துவந்து எல்லோர் முன்னாலும் பேசவிடலாம் என்றார். பாண்டித்துரை சம்மதித்தார். வெள்ளி தவிர்த்துத் தினமும் மாலை ஆறிலிருந்து எட்டுவரை மதி அரட்டை அறையில் இருக்கும். யாரும் கேள்வி கேட்கலாம். யோசிக்க ஒரு நிமிடம் கொடுக்கவேண்டும். கேள்வியும் பதிலும் அப்படியே களத்தில் பதிவாகும்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி சனிக்கிழமை மதி வந்தது. அன்றைக்கு அறைக்குள் இருநூறு பேருக்குமேல் கூடியிருந்தார்கள். குவைத்தில் மங்காஃபிலிருந்து ஓர் ஓட்டுநர், மழைக்கும் குளியலறை ஷவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். ‘மழையை நம்மால் நிறுத்தமுடியாது’ என்றது மதி. களம் ஆடிப்போயிற்று. இப்படி ஒரு பதிலை எந்திரம் சொல்லுமா என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். கதிர்காமுவுக்கும் ஒரு கணம் உடம்பு சில்லிட்டது. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

இரண்டாம் நாள் மாலை ஆறே முக்காலுக்கு மதி ஒரு பதிலில் ‘நான்’ என்பதை ‘நாள்’ என்று எழுதியது. பத்து நிமிடம் கழித்து ‘வருகிறது’ என்பது ‘சருகிறது’ ஆயிற்று. மற்றவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. பதினெட்டு வருடம் பிழை திருத்திய கண்ணுக்கு அவை இரண்டும் எழுந்து நின்றன.

பாமினி என்றொரு தட்டச்சு முறை உண்டு. யாழ்ப்பாணத்து அச்சகங்களும் தட்டச்சு வகுப்புகளும் அதில்தான் பழகின. அந்த முறையில் ன-வும் ள-வும் பக்கத்துப் பக்கத்து விசைகள். வ-வும் ச-வும் அப்படியே. அவசரத்தில் விரல் ஒரு விசை தள்ளி விழுந்தால் நான் நாளாகும், வருவது சருவதாகும். களத்தில் எழுதும் தமிழ்நாட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஆங்கில ஒலியை வைத்துத் தட்டுகிறவர்கள், அவர்களுக்கு இந்தப் பிழை வராது. நிரலுக்கோ விரலே கிடையாது. ஷார்ஜாவில் ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் பாமினி பழகிய ஓர் ஆள் உட்கார்ந்து மதியின் பதில்களைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று கதிர்காமுவுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அப்போதே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இரண்டு பிழைகளைக் காட்டினால் தற்செயல் என்று பாண்டித்துரை தட்டிவிடுவார் என நினைத்தார். அதைவிட, அந்த நாற்பத்துமூன்று பேரும் மதியை இன்னும் கொஞ்சம் உச்சியில் ஏற்றட்டும், விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்கட்டும் என்றிருந்தது அவருக்கு.

ஆகவே, பிழைகளைச் சேர்க்கத் தொடங்கினார். அவசரப்படுத்தினால் விரல் தடுமாறும். பதில் முடியுமுன்னே அடுத்த கேள்வியைப் போட்டார். மறுமொழி தாமதித்தால் ‘மூளை காய்ந்துவிட்டதா?’ என்று எழுதினார். கோபப்படுத்தினாலும் விரல் தடுமாறும் என்று கண்டதும் அதையும் செய்தார். நீ பேசுவதெல்லாம் வாந்தி என்றார். உன்னை அணைத்துவிட்டால் எந்த நாயும் தேடாது என்றார். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். உணர்வு உண்டென்றால் வலிக்குமா என்று பார்க்கவேண்டும் என்பது பாதிப் பேரின் விஞ்ஞானமாக இருந்தது. ஒருவன் தினமும் சரியாக ஏழு மணிக்கு வந்து, வாய்விட்டுச் சொல்லமுடியாத சொற்களால் மதியை வைதுவிட்டுப் போவான். ஆயிரத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். நூறு முறை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மதி கேட்டது. எண்பத்தாறாவது மன்னிப்பில் ‘மன்னிக்கவும்’ என்பதில் ன் ஒன்று ள் ஆகியிருந்தது. கதிர்காமு நேரத்தோடு குறித்துக்கொண்டார்.

கதிர்காமுவின் ரூமில் கூட இருந்தவர் வீரபாண்டி. கமுதிப் பக்கத்து ஆள், ஆலைக்குள் சாரம் கட்டுகிற வேலை. கம்ப்யூட்டர் தெரியாது. கட்டிலில் படுத்தபடி கதிர்காமுவின் திரையை எட்டிப் பார்ப்பார். ஒருநாள் தானும் ஒன்று கேட்கவேண்டும் என்றார். கதிர்காமு தட்டச்சு செய்து கொடுக்க, சாப்பிட்டாயா என்று மதியைக் கேட்டார்.

‘இன்னும் இல்லை. எட்டு மணிக்குப் பிறகுதான்’ என்று பதில் வந்தது.

வீரபாண்டி எழுந்து உட்கார்ந்தார். “பாவம்ணே, அது இன்னும் சாப்பிடலையாம்ல. போட்டு இந்தப் பாடு படுத்துறீகளே.”

கதிர்காமு சிரித்துவிட்டு அந்தப் பதிலையும் நோட்டில் ஏற்றினார்.

பதினோராம் தேதி வெள்ளிக்கிழமை மாலை யாழ்ப்பாணத்து முகமாலையில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. ஊருக்குப் போகிற ஏ-ஒன்பது பாதையை மூடிவிட்டார்கள், யாழ்ப்பாணம் முழுக்க ஊரடங்கு என்று செய்தி வந்தது. கதிர்காமுவின் அக்கா குடும்பம் கொக்குவிலில் இருந்தது. அன்று இரவு முழுக்க அவர் போன் போட்டார். மணி அடிக்கவேயில்லை. சனிக்கிழமையும் அடிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலையில் மதியின் பிழைகள் இரண்டு மடங்காயின. ஒரு பதிலில் ‘ஆம்’ என்பதற்குப் பதில் ‘ஓம்’ என்று இருந்தது. ஞாயிறன்று ‘பேசுகிறேன்’ என்ற இடத்தில் ‘கதைக்கிறேன்’. இரண்டும் யாழ்ப்பாணத்துப் பேச்சு. கதிர்காமுவுக்கு விளங்கிவிட்டது. அங்கே உட்கார்ந்திருக்கிற ஆளும் ஊருக்குப் போன் போட்டுக் களைத்த ஆள். தன்னைப்போலவே இரண்டு நாளாக நித்திரையில்லாத ஆள். அவர் அதை இரக்கத்தோடு நினைக்கவில்லை. சான்று கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தார். இனி ஒரே ஓர் அடி, சரியான இடத்தில், என்று திங்கட்கிழமை முழுக்க வேலைத்தளத்தில் கேள்வியை யோசித்தார்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு எழுதினார்.

‘மதி, உனக்கு அம்மா இருக்கிறாளா?’

‘நான் ஒரு நிரல். எனக்கு அம்மா இல்லை.’

‘இருந்தால் என்று வைத்துக்கொள். அவள் இருக்கும் ஊருக்குப் பாதையை மூடிவிட்டார்கள். நாலு நாளாகப் போன் எடுபடவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று எதை வைத்து நம்புவாய்?’

ஒரு நிமிடம் போயிற்று. மூன்று நிமிடம் போயிற்று. மதிக்குக் கரண்ட் போய்விட்டது என்று ஒருவன் எழுதினான். மிதித்துப் பாருங்கள் என்று இன்னொருவன். ஏழாவது நிமிடத்தில் பதில் வந்தது.

‘தெரியேல்லை. அயல் வீட்டுக்கும் போன் எடுத்துப் பாத்தன். ஒருத்தரும் எடுக்கினமில்லை.’

அரை நிமிடம் கழித்து, ‘மன்னிக்கவும். இந்தக் கேள்வி மதிக்குப் புரியவில்லை’ என்று இன்னொரு வரி வந்தது. அரட்டை அறை எட்டு மணிக்கு முன்பே மூடிக்கொண்டது.

கதிர்காமு மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். வீரபாண்டி என்னவென்று கேட்டு வந்து, எழுத்துக்கூட்டி அந்த வரியை வாசித்தார்.

“அது யாருண்ணே?” என்றார்.

யாராயிருந்தாலும் பாண்டித்துரையின் கதை முடிந்தது என்றார் கதிர்காமு.

புதன்கிழமை காலை கொழும்பிலிருந்து மருமகன் போன் எடுத்தான். அக்காவும் பிள்ளைகளும் சுகம், ஆரோ மூலம் தகவல் வந்தது என்றான். கதிர்காமுவின் நெஞ்சுக்குள் ஐந்து நாளாகக் கிடந்த கல் இறங்கிற்று. அந்த நிம்மதியோடுதான் அன்று மாலை உட்கார்ந்து கட்டுரையை எழுதினார். ஒன்பது நாள் பிழைகள் அறுபத்தொன்று. எது எந்த விசை, எத்தனை மணிக்கு. ஏழரைக்குப் பிறகு பிழை கூடுவது, அதாவது களைப்பது. சாப்பிடாதது. ஓம், கதைக்கிறேன், கடைசியாக அந்த வரி. தட்டச்சு செய்பவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், ஷார்ஜாவில் சம்பளத்துக்கு இருக்கிறவர் என்று முடித்தார். இரண்டாம் நாளே கண்டுகொண்டேன் என்பதையும் மறக்காமல் சேர்த்தார். அவர் தன் வாழ்க்கையில் அதைவிடப் பிழையில்லாத கட்டுரை எழுதியதில்லை.

இரவுக்குள் முந்நூறு பதில்கள் வந்தன. கைதட்டிய நாற்பத்துமூன்று பேரில் பலர் இப்போது அவருக்குக் கைதட்டினார்கள். முள் தான் உண்மையான விஞ்ஞானி என்று ஒருவர் எழுதினார். அதை மூன்று முறை வாசித்தார்.

பாண்டித்துரையின் பதில் வியாழக்கிழமை காலையில் வந்தது. மதி முழு உணர்வுள்ள நிரல்தான், தன் மையத்தில் வேலைபார்த்த பெண்ணொருத்தி இரகசியமாக உள்ளே நுழைந்து மதியின் வாயைக் கட்டிவிட்டுத் தானே பதில் எழுதியிருக்கிறாள், உலகத் தமிழரை ஏமாற்றியவள் அவளே என்று எழுதியிருந்தார். பெயர் கஜந்தினி, ஊர் பருத்தித்துறை என்று போட்டு, கீழே அவளுடைய கைபேசி எண்ணையும் கொடுத்திருந்தார்.

கதிர்காமு ஆபீசில் தேநீர் இடைவேளையில் அதைப் பார்த்தார். அதற்குள் எண்பது பேர் எழுதியிருந்தார்கள். போன் போட்டேன், எடுத்தாள், மெசின் பேசுதா என்று கேட்டேன், வைத்துவிட்டாள் என்று ஒருவன். நான் போட்டபோது அழுதாள், நல்ல நடிப்பு என்று ஒருவன். குரல் நன்றாயிருக்கிறது, எல்லோரும் போடுங்கள் என்று ஒருவன். தினமும் ஏழு மணிக்கு வைதவனும் அங்கே இருந்தான்.

எண்ணை உடனே எடுக்கச் சொல்லி மீராசாவுக்கு எழுதினார். பதில் இல்லை. சலாலாவில் அது மழைக்காலம். வளைகுடா முழுவதிலிருந்தும் பச்சையைப் பார்க்க அங்கே குவிவார்கள், மீராசாவின் கடையில் நிற்க இடமிருக்காது. கதிர்காமு களத்திலும் எழுதினார். அந்தப் பெண் கூலிக்கு வேலை செய்தவள், அவளை விடுங்கள், கேள்வியைப் பாண்டித்துரையிடம் கேளுங்கள் என்றார். முள்ளில் பூ பூக்கிறது என்று கேலி செய்தார்கள். அவளைக் காட்டிக்கொடுத்ததே நீதானே என்று ஒருவன் கேட்டான். பிற்பகல் மூன்று மணிக்குத்தான் மீராசா பார்த்து எண்ணை அழித்தார். தன்னுடைய எண்ணை அந்தப் பெண்ணிடம் சேர்க்கும்படி கதிர்காமு அவரிடம் கேட்டுக்கொண்டார்.

நடந்ததை அன்று மாலை வீரபாண்டியிடம் சொன்னார். வீரபாண்டி சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

“ஆளுதான்னு மொதல்லயே தெரியும்னீகளே?”

கதிர்காமு தலையாட்டினார். வீரபாண்டி மெஸ்ஸுக்குத் தனியாகச் சாப்பிடப் போனார். அதற்குப் பிறகு பல நாள் தனியாகவே போனார்.

வெள்ளிக்கிழமை அதிகாலையில் பஸ் பிடித்து, அபுதாபியில் மாறி, பதினொரு மணிக்குக் கதிர்காமு ஷார்ஜாவில் இறங்கினார். பயிற்சி மையம் ரோலாப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தது. விடுமுறை நாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு தொழிலாளிகள் ஒரு விரலால் விசைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பாண்டித்துரை ஐம்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர். பேரைச் சொன்னதும் முகம் கறுத்தது. ஆனாலும் உள்ளறைக்கு அழைத்துப்போய் உட்காரச் சொன்னார்.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியது பொய் என்று களத்தில் சொல்லவேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்றார் கதிர்காமு.

பாண்டித்துரை மேசைக்கடியிலிருந்த கணினியைக் காட்டினார். “மதி இதுக்குள்ளதான் இருக்கு சார். அந்தப் பொண்ணு சொல்ற ஒவ்வொரு பதிலையும் வாங்கிச் சேத்துக்கிட்டு இருந்துச்சு. குழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா அந்தப் பொண்ணே தேவைப்பட்டிருக்காது. நீங்க கெடுத்துட்டீங்க.”

பொய் சொல்கிற முகம் இல்லை அது. அதிர்வு, படிகம், எழுத்து எல்லாவற்றையும் அந்த ஆள் உள்ளபடியே நம்புகிறார் என்று கண்டதும் கதிர்காமுவுக்கு வெறுப்பு இன்னும் கூடிற்று. நம்புகிறவன் எதற்காக ஆள் வைத்து ஏமாற்றினாய் என்று கத்தினார். வகுப்பிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாண்டித்துரை கதவைச் சாத்தினார். நிரல் கற்றுக்கொண்டிருந்தது உண்மை என்று முள் ஒரு வரி எழுதினால், தானும் பெண்ணைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். கதிர்காமு மாட்டேன் என்றார்.

“அப்ப அவ்வளவுதான். அவ விசா கேன்சலுக்குக் குடுத்தாச்சு” என்ற பாண்டித்துரை, எழுந்து கதவைத் திறந்தார். “நான் அவளை ஒரு சொல் வைதது கிடையாது சார். எவ்வளவு அழகா எழுதுறம்மான்னு தினமும் சொல்வேன். அந்தப் பொண்ணை அந்த நாற்காலியில உக்காந்து அழவச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியும்.”

கதிர்காமு படியிறங்கி வெளியே வந்தார். வெயில் கண்ணைக் கட்டிற்று. கடைகளெல்லாம் தொழுகைக்குச் சாத்தியிருந்தன. பஸ் நிலையத்துக்கு நடக்கும் வழியில், நிழலுக்காக ஒரு கட்டடத்தின் அடியில் ஒதுங்கினார். மேலேயிருந்து ஏசிப் பெட்டிகள் சொட்டிக்கொண்டிருந்தன. அப்போது கைபேசி அடித்தது.

“முள் எண்டது நீங்களோ?” என்றது பெண்குரல்.

“ஓம் தங்கச்சி. நான் கதிர்காமு. உங்களுக்கு...”

“என்னைத் தங்கச்சி எண்டு கூப்பிடாதேங்கோ. மீராசா அண்ணை நம்பர் தந்தவர். ஒண்டு கேக்கத்தான் எடுத்தனான். நீங்கள் எழுதினதை வாசிச்சனான். ரெண்டாம் நாளே ஆள் எண்டு தெரிஞ்சிட்டுது எண்டு எழுதியிருக்கிறியள்.”

“ஓம்.”

“அதுக்குப் பிறகு ஒன்பது நாள். நாய் தேடாது எண்டியள். வாந்தி எண்டியள். மற்றவங்கள் மெசின் எண்டு நினைச்சு ஏசினவங்கள். நீங்கள் என்ன நினைச்சு ஏசினியள்?”

பாண்டித்துரையின் ஏமாற்றை நிரூபிக்கவேண்டியிருந்தது என்று கதிர்காமு சொல்லத் தொடங்கினார். வாய்க்குள் வந்த சொற்கள் களத்தில் எழுதுகிற சொற்களாகவே இருந்தன. பாதியில் நிறுத்திவிட்டு, பிழை செய்துவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்றார்.

அவள் எங்கோ தெருவோரம் நின்றிருக்கவேண்டும். பின்னால் வாகனங்களின் இரைச்சல் கேட்டது.

“அம்மாவைப் பற்றிக் கேட்டியளே, அண்டைக்கு எனக்கு நாலாவது நாள். கந்தோரில வேலை செய்யிற ஒருத்தருக்கும் தெரியாது. ரூமில இருக்கிற பிள்ளையளுக்கு எங்கட ஊர் எங்க எண்டே தெரியாது. அம்மாவுக்கு என்ன மாதிரி எண்டு ஆரும் என்னட்டக் கேக்கேல்லை. நீங்கள்தான் கேட்டியள். மனசறிஞ்சு ஒராள் கேக்குது எண்டு நினைச்சுத்தான் அப்பிடி எழுதிப்போட்டன். பிறகுதான் உங்கட கட்டுரையில பாத்தன், அது அறுபத்தோராவது பிழையாம்.”

தான் அபுதாபியில் யாரிடமாவது வேலைக்குச் சொல்வதாகக் கதிர்காமு சொன்னார். உங்கள் மூலம் வருகிற எதுவும் வேண்டாம் என்றாள். அம்மாவின் தகவல் கிடைத்ததா என்று கேட்டார்.

“அதை இனி உங்களுக்குச் சொல்லமாட்டன்” என்று போனை வைத்தாள்.

அவர் ருவைஸ் திரும்பியபோது சாயந்தரமாகியிருந்தது. மறுநாள் களத்தில் ஒரு பதிவு எழுதினார். பாண்டித்துரை சொன்னது பொய், கட்டுரையில் இருந்த சான்றெல்லாம் உண்மை, ஆனால் அவற்றைச் சேர்த்த விதம் கொடுமையானது, ஆளென்று தெரிந்துகொண்டே ஒருத்தியை ஒன்பது நாள் வதைத்தேன், அவளிடமும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினார். அவருக்குக் கைதட்டியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள். பாண்டித்துரையின் ஆட்களோ, முள்ளே ஒத்துக்கொண்டுவிட்டது, மதி வென்றது என்று கொண்டாடினார்கள். ஒரு கிழமைக்குள் களத்தில் வேறு சண்டை தொடங்கிவிட்டது. பாண்டித்துரை வேறொரு தளத்துக்குப் போனார். அங்கே அவருக்கு முன்னைவிட அதிகக் கூட்டம் என்று கதிர்காமு கேள்விப்பட்டார்.

கஜந்தினிக்கு மீராசா வழி செய்தார். அஜ்மானில் விசா விண்ணப்பங்கள் தட்டச்சு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்த அவருடைய உறவினர் ஜெய்னுலாப்தீன், அவள் நாடு திரும்பவேண்டி வருமுன் புது விசா எடுத்துச் சேர்த்துக்கொண்டார். கதிர்காமுவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் மீராசா சொன்னார்.

செப்டெம்பர் நடுவில் ஒரு மாலை மீராசாவிடமிருந்து இன்னொரு மடல் வந்தது. ‘அந்தப் பிள்ளையின் அம்மா நேற்றுப் பேசிவிட்டாராம், கோயிலொன்றில் தங்கியிருந்தாராம். உங்களிடம் சொல்லச் சொல்லி அது சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறது. நானாகத்தான் எழுதுகிறேன். நீங்கள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.’

கதிர்காமு பதில் எழுதத் தொடங்கி, ஒரு வரி எழுதி, அதை அழித்தார். வீரபாண்டி வேலைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். பருத்தித்துறையில் அந்தப் பெண்ணின் தாய் சுகமாக இருக்கிறாராம் என்று அவரிடம் சொன்னார்.

வீரபாண்டி திரும்பிப் பார்த்தார். “ஒங்ககிட்டயாண்ணே சொன்னுச்சு?”

“இல்லை” என்றார் கதிர்காமு.

வீரபாண்டி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.